நாலு கோடு போட்ட ஊர்

1

போன வருடம் வரைக்கும் அம்மாவின் திவசத்துக்கு ஒரு பித்தளைச் செம்பின் முன்னால்தான் விளக்கேற்றி வந்தேன். படம் இல்லை. அந்தச் செம்பும் அம்மாவுடையது இல்லை, இங்கே தமிழ்க் கடையில் வாங்கியது. ஐயரைக் கூப்பிட்டால் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே படம் எங்கே என்று கேட்பார். அதனால் ஐயரைக் கூப்பிடுவதை நிறுத்தினேன்.

படம் ஏன் இல்லை என்று ஊரில் இருக்கும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 கடைசிச் சண்டைக்கு, வன்னியில் எங்கள் ஊரான தர்மபுரத்தை விட்டு ஓடும்போது அம்மாவும் தங்கச்சி சரசுவும் அல்பத்தை யூரியாப் பையில் சுற்றிக் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனார்கள். அம்மா திரும்பி வரவில்லை. அகதி முகாமிலிருந்து வந்த சரசு தோண்டிப் பார்த்தபோது படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு செங்கல் மாதிரி இருந்தனவாம். பிரித்தால் முகம் பேப்பரோடு உரிந்து வந்தது. அந்தச் செங்கல் இன்னும் அவளுடைய அலுமாரியில் இருக்கிறது. அடையாள அட்டை அம்மாவோடு போய்விட்டது.

நான் பிரான்சில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை. கட்டில் விரிப்புகளை மெஷினுக்குக் கொடுத்து மடித்து அடுக்குவது. மனைவி பிரிந்து போய் நாலு வருடம். அதைப் பற்றிப் பிறகு ஒரு வரி எழுதுகிறேன். மகள் மதுராவுக்குப் பதினாறு வயது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் நிற்பாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் சத்தம் போடுவது குளிர்ப்பெட்டி மட்டும்தான்.

எனக்கு அம்மாவின் முகம் மறந்து போய்க்கொண்டிருந்தது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. குரல் இருந்தது, இருமல் இருந்தது. முகத்தை நினைத்தால் சரசுவின் முகம் வந்து நின்றது. இன்னும் ஐந்து வருடம் போனால் அதுவும் வராது என்று பயந்தேன். இவ்வளவுதான் என் பிரச்சினை. பெரிய இலக்கியம் ஒன்றும் இல்லை.

2

போன திவசத்தன்று சரசு தொலைபேசியில் கதைத்தாள். கதைத்து முடிக்கப்போகும் நேரத்தில், சாமான் விலை சொல்லுகிற மாதிரி, ஒன்றைச் சொன்னாள்.

“அண்ணா, அம்மாவ ஒரு வெள்ளக்காரி படம் புடிச்சவா தெரியுமா? நீ போனப்பிறகு, சமாதான காலத்தில. கச்சான் தோட்டத்தில வச்சு. நான் பக்கத்திலதான் நின்டனான்.”

இதை இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். “அவா படம் தரேல்லையே, தராத படத்தைப் பற்றி என்னத்தைச் சொல்றது” என்றாள். அவள் சொன்னது நியாயம். ஆனாலும் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அந்தப் பெண்ணின் பெயர் எலென் என்றாள். பிரெஞ்சுக்காரி. கச்சான் என்கிற நிலக்கடலையைப் பயிர் செய்கிற பெண்களைப் பற்றி எழுத வந்தவர். வன்னி முழுக்க ஊர் ஊராகப் போனவர். தமிழ் தெரிந்த ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரிந்தவர். அவ்வளவுதான் தெரியும். முழுப்பெயர் தெரியாது.

நான் வேலை இடைவேளையில், விரிப்புக் கூடைகளுக்கு நடுவில் இருந்து கைப்பேசியில் தேடத் தொடங்கினேன். எலென், இலங்கை, கச்சான். ஒன்றும் வரவில்லை. இரண்டு கிழமை தேடினேன். முடிவுகள் பூச்சியம். பூச்சியம் என்று சொல்லவும் இந்த நாட்டில் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்கள். ‘உங்கள் தேடலுக்குப் பொருந்தும் எதுவும் இல்லை, எழுத்துகளைச் சரிபாருங்கள்’ என்று திரை சொல்லும். இருபது வருடமாக இந்த நாடு எனக்குச் சொல்லி வருவதும் அதைத்தான். விசா அலுவலகத்தில் என் பெயரை இரண்டாக வெட்டி முன்பாதியை ஒரு பெட்டியிலும் பின்பாதியை இன்னொரு பெட்டியிலும் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். என் சம்பளத் துண்டில் இருக்கிற ஆளை எனக்குத் தெரியாது.

3

மதுரா வந்தபோது கைப்பேசியை அவளிடம் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, எலென் எண்டா முன்னுக்கு ஹெச் வரும். அதைச் சொல்றேல்ல, ஆனா எழுதோணும். பிறகு முதல் ரெண்டு ஈக்கும் மேல கோடு இருக்கு. ஒண்டு இந்தப் பக்கம் சாயும், மற்றது அந்தப் பக்கம் சாயும்.”

அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்கிற கோட்டை அவள் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். நான் ஒவ்வொரு எழுத்தையும் விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அது ஒரு குடும்பத்தையே மேலே எழுப்பிக் காட்டும், அதில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். என் விரல் சலவைத் தண்ணீரில் ஊறி ஊறித் தடித்த விரல். பக்கத்து எழுத்தில்தான் விழும். அந்த வயதில் அவளுக்கு இது ஒரு பகிடி. நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கும் நாள்கள் மாதத்தில் நாலு.

ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அந்த எலென் இறந்துவிட்டார். அவருடைய படங்களும் குறிப்புகளும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தன. எங்கள் நகரத்திலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணம். படங்களை இணையத்தில் போடவில்லை. படத்தில் இருப்பவர்களிடம் அனுமதி வாங்க வழி இல்லையாம். விவரப் பட்டியல் மட்டும் இருந்தது. தேடி, இலக்கத்தைக் குறித்து அனுப்பினால், எடுத்து வைப்பார்கள். போய்ப் பார்க்கலாம்.

பட்டியலில் ஆட்களின் பெயர் இல்லை, ஊர்ப்பெயர் மட்டும். சரி, தர்மபுரம் என்று அடித்தேன். பூச்சியம். கிளிநொச்சி என்று அடித்தேன். பூச்சியம். புதுக்குடியிருப்பும் பூச்சியம், முரசுமோட்டையும் பூச்சியம். மூன்று வருடம் நடந்து திரிந்து படம் எடுத்தவரின் பட்டியலில் வன்னியே இல்லை.

இருந்தது. தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில், படித்த ஆட்கள் எழுதுகிற முறையில் எழுதியிருந்தார்கள். சில எழுத்துக்கு மேலே கோடு, சிலதுக்குக் கீழே புள்ளி, சிலதுக்குக் கீழே கோடு. அந்தப் புள்ளியும் கோடும் இல்லாமல் அடித்தால் அந்தத் தேடல் பெட்டி ஒன்றையும் எடுத்துத் தராது. மற்ற நூலகங்களின் பெட்டிகள் கோட்டைப் பொருட்படுத்தாதாம். இது பொருட்படுத்துகிற பெட்டி. முரசுமோட்டையைப் பார்த்தேன், மேலே ஒரு கோடு, கீழே இரண்டு புள்ளி. யாரோ என் ஊர்களைப் பிடித்துப் பச்சை குத்தியது மாதிரி இருந்தது. எங்கள் ஊர்ப் பெயரை எங்களைவிடச் சரியாக எழுதத் தெரிந்தவனுக்கு அந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் வராத நாள் எனக்குக் குறைவு.

தர்மபுரத்துக்கு எங்கே புள்ளி என்று தெரியாமல் எல்லா எழுத்திலும் மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தேன். இரண்டு கிழமை. அடுத்த முறை வந்த மதுராதான் பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடித்தாள். தர்மபுரத்துக்குப் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. நாங்கள் போடுகிற ஹெச் கூட இல்லை. மொட்டையாக நின்றது.

“எல்லாருக்கும் இருக்கு, உங்கட ஊருக்கு மட்டும் ஒண்டும் இல்லையே அப்பா” என்றாள்.

“அது அப்பிடித்தான்” என்றேன்.

தர்மபுரத்தின் கீழ் பதினொரு படங்கள் இருந்தன.

4

லீவு எடுத்துக்கொண்டு போனேன். ரயிலில் நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு இருந்தேன். அம்மாவைப் பார்க்கப் போகிறவன் மாதிரி என்று எழுதினால் பொய் இல்லை.

நூலகத்தில் ஒரு பெண் வெள்ளைக் கையுறை தந்தார். மேசையில் பெட்டி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. டைனமோ லைட் போட்ட சைக்கிளோடு நிற்கிற பெடியன். டியூசனுக்குப் போகிற பெட்டைகள். கிணற்றில் தண்ணி அள்ளுகிற ஒரு இளம் பெண். நாலாவதில் சரசு நின்றாள். இருபது வயசுச் சரசு, கச்சான் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு, கெட்ட வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. அடுத்ததைத் திருப்பினேன். அம்மா இல்லை. பதினொன்றையும் திருப்பினேன். அம்மா இல்லை.

திரும்பவும் முதலில் இருந்து பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பதினொரு படத்திலும் தலை நரைத்த ஒருவர்கூட இல்லை. தர்மபுரத்தில் கிழவர் இல்லையா? கச்சான் தோட்டத்தில் பாதிப் பேர் கிழவிகள்தானே.

அந்தப் பெண்ணிடம் என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். அவர் பட்டியலின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் ஒருநாளும் வாசிக்காத பக்கம். அதில் எழுதியிருந்தது இதுதான்: ஊர்ப்பெயர் படம் எடுத்த இடம் இல்லை, படத்தில் இருப்பவர் தன் சொந்த ஊர் என்று சொன்ன இடம்.

அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன்.

வன்னியில் ஒரு வயசான ஆளிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்து ஐம்பது வருடம் வயல் செய்தவர், பிள்ளை பெற்று, பேரப்பிள்ளை கண்டவர், யோசிக்காமல் யாழ்ப்பாணத்து வேலணை என்பார், உடுவில் என்பார். அங்கே அவருக்கு ஒரு பனைமரம்கூட மிஞ்சியிருக்காது. பிள்ளைகள்தான் தர்மபுரம் என்று சொல்வார்கள். எலென் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். வாய் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அப்படியானால் அம்மா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும். எல்லா ஊரையும் எல்லாப் புள்ளியோடும் அடித்த நான் அந்த ஒரு ஊரை மட்டும் அடிக்கவில்லை.

5

நாங்கள் மலைநாட்டு ஆட்கள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அங்கே தமிழருக்கு அடி விழுந்தபோது என் அப்பாவும் அம்மாவும் லொறியில் ஏறித் தர்மபுரத்துக்கு வந்தவர்கள். காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். நான் தர்மபுரத்தில் பிறந்தேன். அப்பா மலேரியாவில் போய்விட்டார். அம்மா மற்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குக் கச்சான் பிடுங்கி எங்களை வளர்த்தார்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்றப் பெண்கள் கச்சான் கூடையை இடுப்பில் வைப்பார்கள். அம்மா கூடைக்குக் கயிறு கட்டி, அந்தக் கயிற்றை நெற்றியில் மாட்டி, கூடையை முதுகில் தொங்கவிடுவார். கொழுந்து எடுக்கிற மாதிரி. இரண்டு கையும் சும்மா இருக்கும், வேலை இரண்டு மடங்கு ஓடும். ஆனால் வேலி ஓரத்தில் நிற்கிற பெடியன்கள் “தேயிலை புடுங்க வந்திட்டா” என்று கூப்பிடுவான்கள். அதில் சில பேர் இந்தக் குறிப்பை வாசிக்கக்கூடும். வாசியுங்கோ. நான் மறக்கவில்லை.

கூடையை இடுப்பில் வைக்கச் சொல்லி நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். வீட்டில் தோட்டத்துத் தமிழில் ‘ஆமா’ என்று சொல்வோம். நான் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மாதிரி ‘ஓம்’ என்று சொல்லப் பழகி, பிறகு வீட்டிலும் ‘ஓம்’ என்றேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிப்பார். இங்கே வந்த பிறகு தமிழ்க் கடையில், கோயிலில், கல்யாண வீட்டில் எவனைக் கண்டாலும் முதல் கேள்வி எந்த இடம் என்பதுதான், “ஊரில எவடம்?” தர்மபுரம் என்றால் விடமாட்டார்கள். தர்மபுரத்தில எவடம், ஆருடைய ஆக்கள், அதுக்கு முதல் எவடம். அந்தக் கேள்வி எதைத் தோண்டுகிறது என்று கேட்கிறவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் ஒரு பொய் செய்து வைத்தேன். அப்பாவின் வழி யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. கல்யாணம் பேசினபோதும் அதைத்தான் சொன்னேன். பிறகு பிடிபட்டது. நாங்கள் பிரிந்தது அதனால் இல்லை என்று நானும் மனைவியும் சொல்லிக்கொள்கிறோம்.

வெளிநாடு புறப்பட்ட அன்று அம்மாவுக்கு நான் சொன்ன கடைசிப் புத்திமதி: “ஆர் கேட்டாலும் தர்மபுரம் எண்டு சொல்லு. தோட்டத்தை இழுக்காத.” அம்மா “சரிப்பா” என்றார். பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அன்று நூலகத்தை விட்டு வந்து ரயில் நிலையத்தில் இருந்து சரசுவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த வெள்ளைக்காரி ஊர் கேட்டபோது அம்மா என்ன சொன்னவா என்று கேட்டேன்.

“நீ சொல்ல வேணாம்னு சொன்னதத்தான் சொன்னிச்சு” என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவள் என்னோடு அம்மாவின் தமிழில் கதைத்தாள்.

6

ஆனைப்பாறைத் தோட்டம். அம்மா பிறந்த தோட்டம்.

ஆனைப்பாறை என்று அந்தத் தேடல் பெட்டிக்குள் அடிப்பது லேசாக இல்லை. மதுரா வர இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அவளைக் கேட்டிருக்கலாம். கேட்க விருப்பமில்லை. இதை நானே செய்ய வேண்டும் என்று நினைத்தேன். ஆங்கில ‘ஏ’ எழுத்துக்கு இரண்டு இடத்தில் மேல் கோடு வரவேண்டும், அது கைப்பேசியில் இருக்கிறது. ‘என்’ எழுத்துக்குக் கீழ் ஒரு கோடு, ‘ஆர்’ எழுத்துக்குக் கீழ் ஒரு கோடு. கீழ்க்கோடு என் கைப்பேசியில் இல்லை. பட்டியலுக்குள் போய் மன்னாரிலிருந்து ஒரு எழுத்தை வெட்டி எடுத்தேன். வற்றாப்பளையிலிருந்து ஒரு எழுத்தை வெட்டி எடுத்தேன். ஒவ்வொன்றாக ஒட்டினேன். மற்ற ஊர்களிடம் கடன் வாங்கி அம்மாவின் ஊரைக் கட்டி முடித்தபோது நாலு கோடு இருந்தது.

முடிவுகள்: ஒன்று.

விவரம் பிரெஞ்சில் இருந்தது. நடுத்தர வயதுப் பெண், கச்சான் தோட்டம், நெற்றியில் மாட்டிய கூடை.

திரும்பவும் லீவு, திரும்பவும் ரயில், திரும்பவும் கையுறை. அம்மா நின்றார். நெற்றியில் கயிறு, முதுகில் கூடை. சரசுவின் முகம் இல்லவே இல்லை. என் முகம். அதைத்தான் நான் இத்தனை வருடமும் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தாடி வழித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

படத்தோடு ஒரு தாள் இருந்தது. கூட வந்த பிள்ளை அம்மா சொன்னதைச் சொன்னபடியே தமிழில் எழுதியிருந்தாள். “எம்மகன் ஒங்க நாட்டுலதான் இருக்கான். அவன் இருந்தா தர்மபுரம்னு போடச் சொல்லுவான். நீங்க ஆனைப்பாறைன்னே போடுங்க. எங்கம்மாவ அங்கதான் பொதச்சிருக்கு.”

அம்மாவை எங்கே புதைத்தது என்று எங்களுக்குத் தெரியாது. புதைத்தார்களா என்றும் தெரியாது.

கையுறை தந்த பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒரு விண்ணப்பமும் வைத்தார். பிரதி வேண்டுமானால் உறவை நிரூபிக்க வேண்டும். எனக்கு வழக்கமான கோபம் வந்தது. என் முகத்தையும் படத்தையும் பாருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்புப் போதும் என்றார். அது என் பையில் எப்போதும் இருக்கும், இந்த நாட்டில் அது இல்லாமல் மூச்சு விட ஏலாது. கொடுத்தேன். அவர் வாசித்து, தாயின் பிறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்து, படத்தின் பட்டியலைப் பார்த்து, சரி என்று தலையாட்டினார்.

ஆனைப்பாறைத் தோட்டம், இரண்டாம் டிவிசன். இருபது வருடமாக அந்த வரி அந்தத் தாளில் இருக்கிறது. விசா அலுவலகத்துக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், வீட்டு வாடகை அலுவலகத்துக்குத் தெரியும். பிரான்சுக்கு முழுக்கத் தெரிந்த ஒன்றை நான் தமிழரிடமிருந்து மட்டும் ஒளித்து வைத்திருக்கிறேன்.

7

இந்த வருடம் ஐயரைக் கூப்பிட்டேன். பெரிய படமாகப் பிரதி எடுத்து, சட்டம் போட்டு, செம்பு இருந்த இடத்தில் வைத்தேன். சரசுவுக்கும் ஒன்று அனுப்பினேன். அவள் கிடைத்தது என்று மட்டும் சொன்னாள், பிறகு தொலைபேசியை வைத்துவிட்டாள்.

ஆறு குடும்பத்துக்குச் சொன்னேன். இரண்டு குடும்பம் வந்தது. எல்லாரும் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆட்கள், என்னிடம் முன்பு ‘தர்மபுரத்தில எவடம்’ கேட்டவர்கள். கயிற்றைப் பார்த்துக் கேட்பார்கள் என்று நான் பதிலை ஆயத்தமாக வைத்திருந்தேன். பாயாசம் பரிமாறும்போதும் அதைத்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் படத்துக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தார்.

“அம்மாவோ? உம்மட நெத்தி அப்பிடியே இருக்கு” என்றார். பிறகு தெருவில் காரை விட்டது சரியா என்றும் தண்டம் எழுதுவார்களா என்றும் கேட்டார். சாப்பிட்டார்கள், போனார்கள். வாழ்நாள் முழுக்க நான் பயந்த கேள்வியை, நான் பதிலோடு நின்ற நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

மதுராவுக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை, அதனால் வரவில்லை. கைப்பேசிக்குப் படத்தை அனுப்பினேன். ‘தலையில் ஏன் கயிறு?’ என்று பிரெஞ்சில் கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சாய்கிற கோடு எல்லாம் போட்டு, பிரெஞ்சில், பிழை இல்லாமல் எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. அம்மாவின் ஊரை நாலு கோட்டோடு எழுதினேன். பார்த்துவிட்டாள் என்று திரை காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. சோதனை முடியட்டும்.

பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வேலி ஓரத்தில் நின்றவர்களுக்கும், ‘முதல் எவடம்’ என்று தோண்டியவர்களுக்கும், வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். படத்தில் நெற்றியில் கயிற்றோடு நிற்பது என் அம்மா. அவருடைய ஊர் ஆனைப்பாறைத் தோட்டம், இரண்டாம் டிவிசன். ஆமா, நான் அவருடைய மகன்.